காரணம் என்ற கட்டம்

ஜூலை. பூர்-முரா மேட்டில்
மாலை நாலரைக்கே முன்விளக்குப் போட வேண்டியிருக்கிறது.
பனிமூட்டம் சாலையின் வெள்ளைக் கோட்டை
துண்டு துண்டாகத்தான் தருகிறது,
கைமாற்றுக் கொடுப்பவன் மாதிரி.

கீழே கடற்கரையில்
சட்டையில்லாமல் திரிகிறார்கள் என்றால்
காரைக்காலில் என் அண்ணன் நம்பமாட்டான்.
ரெயூனியன் ஒரே தீவுதான்.
ஒரு மணி நேரப் பாதை, பதினெட்டு டிகிரி வித்தியாசம்.

சினிமாலே வீட்டில் கணப்பு அணைந்து மூன்று நாள்.
தொட்டியில் விளிம்புவரை பெல்லட்.
திரையில் சிவப்பாய் ஓர் எண் இமைக்கிறது.
அதற்கு அர்த்தம்: தீனி வரவில்லை.

"இவ்வளவு இருக்கிறதே" என்கிறார் ரெஜி,
மூடியைத் திறந்து,
சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறவர் போல.

இருக்கும்.
இந்த அடுப்பின் வழக்கமான நோயே அதுதான்.
மேலே குவிந்து கிடக்கும். அடியில்
ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து
வளைவு கட்டிக்கொள்ளும்.
வளைவுக்குக் கீழே பொந்து.
பொந்துக்குள் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும்,
வெறும் வாயை மென்றபடி,
அவல் ஒரு சாண் மேலே.

முழங்கைவரை கையை விட்டேன்.
வளைவு இடிந்து சரசரவென்று இறங்கியது.
க்ளோரீ கைதட்டினாள்.
பொறுங்கள், என்றேன்.
பொத்தானை அழுத்தினால்
மோட்டார் முனகுகிறது. திருகு அசையவில்லை.

பிறகு தெரிந்த வேலைதான்.
தொட்டியைக் காலி செய், மோட்டாரைக் கழற்று,
நாலு போல்ட், அதில் ஒன்று எப்போதும் அடம்பிடிக்கும்.
திருகை உருவி
பழைய செய்தித்தாளில் கிடத்தினேன்.

அதன் மடிப்புகளில் அப்பியிருந்தது
பச்சையாக ஒரு பசை.

ஈரம் குடித்த பெல்லட்டை நான் அறிவேன்:
சிமெண்டுத் தரையில் பையை வைத்தால் போதும்,
புட்டு மாவாய் உதிரும், வெளிறியிருக்கும்.
மரத்தூள் எந்த ஊரிலும் பச்சையாகாது.
மூக்கருகே கொண்டுபோனேன்:
வைக்கோல், வெல்லப்பாகு, கொஞ்சம் கருகல்.

பின்வராந்தாவில் ஒரு கூண்டு.
கூண்டில் சாம்பல்நிற முயல்.
பக்கத்தில் தீவன மூட்டை,
தட்டையாக மடித்து, மேலே கல் வைத்து.

நான் மூட்டையைப் பார்த்தேன்.
நான் பார்ப்பதை ரெஜி பார்த்தார்.
அதே பருமன், அதே நீளம்,
இருட்டில் விரலுக்குக்கூடப் பிடிபடாது.
ஞாயிறு ராத்திரி. கடைசிப் பை தீர்ந்திருக்கும்.
கடை இல்லை. வெளியே நாலு டிகிரி.

"பத்துக் கிலோவையும் முயல் தின்றது என்றாயே!"
க்ளோரீ கிரியோலில் கேட்டதன் சுருக்கம் இது.
அசல் இன்னும் நீளம்,
அதில் அவருடைய அம்மாவும் வந்து போனாள்.
நான் திருகைச் சுரண்டினேன்.
சுத்தமாக இருந்த இடத்தையும் சுரண்டினேன்.

அவள் உள்ளே போனபின்
ரெஜி குனிந்து என் காதருகே சொன்னார்:
"முதல் இருபது நிமிடம்
நல்லாத்தான் எரிந்தது."
குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை
மறைக்கமாட்டேன்.

புதுப் பை பிரித்துக் கொட்டினோம்.
டக். கொஞ்சம் பொறுத்து, டக்.
எரிகிண்ணத்தில் ஒன்று விழுந்தது, ஒன்று,
பிறகு மூன்று சேர்ந்து.
கண்ணாடிக்குப் பின்னால் முதலில் புகை,
அப்புறம் நாக்கு நீட்டியது நெருப்பு.
பின்கட்டில் க்ளோரீ
சௌசௌக் கொடியின் தளிரைக் கிள்ளிக் கிள்ளி
கூண்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.
மூன்று நாளாய் முயலுக்கும் அதுதான் சாப்பாடாம்.

தாளில் கையெழுத்துக்கு மேலே
"காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு.
"தவறான எரிபொருள்" என்றால்
முந்நூற்றிருபது யூரோ அவர் தலையில்.
பராமரிப்பு ஒப்பந்தத்தில்
முயல் எங்கேயும் வரவில்லை, தேடிப் பார்த்தேன்.

ஜன்னலில் மூக்கை வைத்து நின்றது பனிமூட்டம்.
"ஈரப்பதம்" என்று எழுதினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.

இறங்க இறங்க
வேனுக்குள் வெதுவெதுப்பு ஏறியது.
பத்தாவது வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
ஸ்டியரிங் முழுக்க வைக்கோல் வாசனை.